கூப்பிடு தூரத்தில் ஒரு பெருச்சாளி

மிராசுவுக்குக் குளிர்சாதன அறை ஒதுக்கிய அன்றுதான் குமுதவல்லியின் அறையில் மின்விசிறி கழன்று விழுந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று இயக்குநர் நஞ்சுண்டன் சொன்னார். விசிறியைப் பார்க்க வந்த ஆள் நேராக மிராசுவின் அறைக்குப் போய், குளிர் போதுமா என்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

மிராசு ஒரு பெருச்சாளி. கோயமுத்தூருக்கு மேற்கே, மலை எழும்பும் இடத்தில் இருக்கும் இரத்தப் புரத ஆய்வு நிலையத்தில் அதற்குத்தான் முதல் மரியாதை. பக்கத்து ஊரான எலந்தக்குட்டையில், கடலைக்காய் குடோனில் பிடிபட்டது. பிடிபட்டபோதே கூண்டுக்குள் பின்கால்களை மடக்கி உட்கார்ந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, பிடித்தவர்களைக் கூலிக்கு வந்த ஆட்களைப்போல் ஒரு பார்வை பார்த்ததாம். அதனால் அந்தப் பெயர்.

குமுதவல்லி அந்த நிலையத்தில் முதுநிலை ஆய்வாளர். எலந்தக்குட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வரப்பு வழியாக நடந்தே வேலைக்கு வந்து போவாள். எலிகள் கடித்துக் கடித்து அவள் விரல்களில் தழும்பில்லாத இடம் குறைவு. ஆனாலும் எலிக்காய்ச்சல் ஒருநாளும் வந்ததில்லை. அது ஏன் என்று நிலையத்தில் யாரும் யோசிக்கவில்லை. அங்கே யோசிக்கச் சம்பளம் வாங்கியவர்கள் எல்லோரும் எலியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

எலிக்காய்ச்சல் மழைக்காலத்து நோய். எலி மூத்திரம் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நின்றவனுக்குக் கண் சிவக்கும், சிறுநீரகம் கெடும், சில சமயம் ஆளே போய்விடுவான். எலியோ அதே கிருமியை உடம்பில் சுமந்துகொண்டு ஒரு தும்மல்கூடத் தும்மாமல் திரியும். அதன் இரத்தத்தில் ஓடும் ஏதோ ஒரு புரதம்தான் காவல் நிற்கிறது என்று நிலையம் சந்தேகப்பட்டது. மிராசுவின் வாலில் ஊசி குத்தி எடுத்த இரத்தத்திலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்து, அதன் அமினோ அமில வரிசையைக் குமுதவல்லி படித்தாள். அந்த வரிசைப்படி பெரிய தொட்டிகளில் ஈஸ்டை வைத்துப் புரதம் வளர்த்தார்கள். மிராசின் என்கிற ஊசி மருந்து அப்படித்தான் வந்தது. போட்ட இடத்திலெல்லாம் வேலை செய்தது. மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்த கூட்டம் காணாமல் போயிற்று.

சங்கடம் அதற்குப் பிறகு வந்தது. உயிர்க்கொடைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. மருந்துக்கு இரத்தம் தந்த உயிரை மனிதன் நன்றியோடு நடத்த வேண்டும் என்று நல்ல மனத்தோடு எழுதிய சட்டம். நல்ல மனத்தோடு எழுதியதால் யாரும் அதை இரண்டாம் தடவை படித்துப் பார்க்கவில்லை. கொடை தந்த உயிரையும் அதன் இனத்தையும் கொல்லக் கூடாது, விரட்டக் கூடாது. அது வளை தோண்டிக் குடியிருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம் வரை எல்லாம் அதன் விருப்பப்படியே இருக்க வேண்டும். கூப்பிடு தூரம் என்றால் எவ்வளவு என்று கேட்டு சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். கூப்பிட்டுப் பாருங்கள் என்று கோர்ட் சொல்லிவிட்டது.

அப்படிக் கூப்பிடுவதற்கென்றே உயிர்க்கொடை வாரியம் அதிகாரிகளை நியமித்தது. கோயமுத்தூர் வட்டாரத்துக்கு வந்தவர் பிலவேந்திரன். சின்ன வயதில் மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தவர். வாயில் எப்போதும் ஒரு பனங்கற்கண்டு உருளும். வளைக்குப் பக்கத்தில் நின்று அவர் "ஓ...ய்" என்று குரல் விடுவார். அக்கம்பக்கத்து ஆள் ஒருவர் நடந்துகொண்டே போய், கேட்கும் இடத்திலெல்லாம் துண்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். துண்டு தூக்கிய கடைசி இடத்தில் கல் நடுவார்கள். எலந்தக்குட்டைக் குடோனருகே அவர் விட்ட ஒரே குரலில் கடலைக்காடு, மரவள்ளிக்காடு, குட்டை, ஊரின் கடைசி வீடு எல்லாம் அடங்கிவிட்டன. துண்டோடு நடந்தவர்கள் பொய் சொல்லத் தெரியாதவர்கள்.

பெருச்சாளிக்கு வாயில்லை. ஆகவே அதன் விருப்பம் என்ன என்று நிபுணரைக் கேட்டார்கள். நிபுணர் நஞ்சுண்டன். மனித நடமாட்டம் பெருச்சாளிக்குப் பிடிக்காது என்று அவர் கருத்துச் சொன்னார். அப்படியானால் ஊரே காலியாக வேண்டும் என்று வாரியம் முடிவு செய்தது. ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. மிராசுவின் புரதத்தை இன்னொரு தடவை படித்து, கொடையாளி இதுதான் என்று உறுதி சொல்ல வேண்டும். படிக்க வேண்டியவள் குமுதவல்லி.

முந்தின நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது, கணவன் சென்னியப்பன் கட்டிலில் சாய்ந்து கிடந்தான். சாய்ந்து கிடந்தது கட்டில்தான். அதன் ஒரு காலுக்கு அடியில் பெருச்சாளி வளை தோண்டியிருந்தது. மண் போட்டு மூடுவது குற்றம்.

"ஏம்புள்ள, நாளைக்கு அந்த மிராசு ரத்தத்தப் படிக்கறயாமா?"

"ஆமாங்க."

"கொஞ்சம் தப்பாப் படிச்சுப்போடேன்."

"நானு தப்பாப் படிச்சா மருந்து நின்னு போயிருமுங்க. போன மழைக்கு நம்ம ஊருலயே எத்தன பேரு பொழச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

சென்னியப்பன் யோசித்தான். பிழைத்தவர்களில் அவனும் ஒருவன்.

"அதுஞ்சரிதான். ஆனா பொழச்சு எங்க போயிக் குடியிருக்கறது? அதையும் ஊசிலயே சேத்திக் குடுத்திருக்கலாமல்லோ?"

குமுதவல்லி கட்டிலின் உயர்ந்த பக்கத்தில் உட்கார்ந்தாள். மெல்லச் சறுக்கி அவன் பக்கம் வந்து சேர்ந்தாள்.

மறுநாள் காலை பிலவேந்திரன் நாற்காலியை இழுத்து எந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, இது என்னதான் செய்யுதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க. ரிப்போர்ட்ல நாலு வரி எழுதணும்."

"பூ மார்க்கெட்டுல கதம்பம் பாத்திருக்கீங்களா சார்?"

"வீட்டம்மாவுக்கு வாங்குறதுதான்."

"புரதமும் கதம்பம் மாதிரிதாங்க. மொத்தம் இருபது வகைப் பூ. லைசின், வேலின், கிளைசின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூவுங்கறதுலதான் சங்கதியே இருக்குது. இது ஒரு முனையில இருந்து ஒவ்வொரு பூவாக் கிள்ளும். கிள்ளுனது எதுன்னு சொல்லும். அப்புறம் அடுத்தது."

"கடைசில நாருதான் மிஞ்சுமா?"

"நாரும் மிஞ்சாதுங்க. கிள்ளுனது கிள்ளுனதுதான்."

பிலவேந்திரன் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

குமுதவல்லி மிராசுவின் அறைக்குப் போனாள். மிராசு வாலைத் தானாகவே நீட்டியது. ஊசி குத்தியதும் பழக்கத்தின்படி அவள் விரலைக் கடித்தது. அவளும் பழக்கத்தின்படி "ச்சீ, போ" என்றாள். திரும்பி வந்து தன் கையிலிருந்தும் கொஞ்சம் இரத்தம் எடுத்தாள்.

"உங்க ரத்தம் எதுக்கும்மா?"

"எந்திரம் ஒழுங்காப் படிக்குதான்னு பாக்க மொதல்ல ஒரு மனுஷ ரத்தத்த ஓட்டோணும். அதுக்குன்னு விலைக்கு வாங்கறது வந்து சேர்றதுக்குள்ள நமக்கு ரிட்டயர்மெண்டு வந்துரும். அதனால மொதத் தடவ மிராசுவப் படிச்சப்பவும் என்ற ரத்தந்தான்."

இரண்டு இரத்தங்களிலும் வேண்டிய புரதத்தைப் பிரித்தெடுத்து, இரண்டு குழாய்களைத் தட்டில் வைத்தாள். முதல் குழாய் அவளுடையது. எந்திரம் கிள்ளத் தொடங்கியது.

திரையில் பெயர்கள் வர வர, குமுதவல்லி தன்னை அறியாமல் அடுத்த பெயரை முணுமுணுத்தாள். அவள் சொன்னதே வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கேட்டுப் பழகிய பாட்டைப்போல் அவளுக்கு மனப்பாடமாக இருந்த வரிசை உலகத்தில் ஒன்றுதான்: மிராசின். குழாயை எடுத்துப் பெயரைப் பார்த்தாள். அவள் பெயர்தான் ஒட்டியிருந்தது.

பிறகு மிராசுவின் குழாய் ஓடியது. அதில் வந்த வரிசைக்கும் மிராசினுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் அதையும் எங்கேயோ பார்த்த ஞாபகம். பிலவேந்திரனுக்கு டீ சொல்லிவிட்டுத் தனக்கும் ஒன்று சொன்னாள். டீ ஆறுவதற்குள் ஞாபகம் வந்துவிட்டது.

முதன்முதலில் மிராசுவைப் படித்த சமயம் ஆயுத பூஜை. இரண்டு குழாய்களையும் தட்டில் ஏற்றி வைத்துவிட்டுக் குமுதவல்லி பொரி வாங்கப் போயிருந்தாள். நஞ்சுண்டன் எந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார். தட்டு மேற்கே பார்த்து இருந்தது அவருக்கு உறுத்தியது. கிழக்கே பார்க்கத் திருப்பி வைத்தார். தட்டில் எது தலை எது கால் என்று காட்டும் அம்புக்குறியின் மேல் ஒரு பொட்டுச் சந்தனம் உட்கார்ந்துகொண்டது. பூஜை போட்டதை அன்றைக்கே அசைக்கக் கூடாது என்று அப்படியே விட்டு, மறுநாள் ஓட்டினார்கள். முதலில் ஓடியது, இன்றைக்கு மிராசுவின் குழாயில் வந்த இதே வரிசைதான், அன்றைக்கு என்னவோ பிதற்றலாகப் பட்டது. "லீவு விட்ட எந்திரம், சூடு ஏறட்டும்" என்று நஞ்சுண்டன் அதைத் தள்ளிவிட்டார். இரண்டாவதாக ஓடியது மனிதப் புரதத்தோடு அச்சு அசலாக ஒத்துப்போக, ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாறியிருந்தது. அதைப் பார்த்து நஞ்சுண்டன் திகைக்கவில்லை, பரவசப்பட்டார். பெருச்சாளியும் மனிதனும் நெருங்கின சொந்தம் என்று நான்கு நாடுகளில் போய்ப் பேசிவிட்டு வந்தார். அங்கேயும் யாரும் மறுக்கவில்லை.

குமுதவல்லி டீயைக் குடித்து முடித்தாள். சொன்னால் ஊர் பிழைக்கும் என்று நினைத்தாள். எழுந்துபோய் நஞ்சுண்டனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"சார், மிராசின் மிராசுவோடது இல்லீங்க. என்னோடது."

நஞ்சுண்டன் திரையைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார், கிழக்குத் திசையைப் பார்த்தார்.

"குமுதா, இத யாருகிட்டயும் சொல்லாத."

"என்கிட்ட சொல்லிட்டாங்களே சார்," என்றார் பிலவேந்திரன்.

"மத்தவங்களுக்கு அந்த எடத்துல கிளைசின் இருக்குதுங்க. எனக்கு லைசின். ஒரே ஒரு பூத்தான் மாறியிருக்குது. அது போயிக் கிருமியப் புடிச்சுக்குது. என்னைய எத்தன எலி கடிச்சும் காச்ச வராதது அதனாலதானுங்க. மருந்து நல்ல மருந்து, அத நிறுத்த வேண்டீதில்ல. கொடையாளி பேர மட்டும் மாத்துனாப் போதும்," என்றாள் குமுதவல்லி.

"மட்டும்னு சொல்லாதீங்கம்மா," என்ற பிலவேந்திரன் பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார். கற்கண்டை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுப் படித்தார். "கொடை தந்த உயிரும் அதன் இனமும்னு இருக்கு. மனுஷன் நீங்கலான்னு எங்கயும் போடல. எழுதுனவங்களுக்குத் தோணியிருக்காது. அப்ப என்ன ஆகுதுன்னா, இனிமே எந்த மனுஷனையும் கம்பெடுத்து விரட்டக் கூடாது. குடியிருக்கிற எடத்துலேர்ந்து கெளப்பக் கூடாது. எர தேடிப் போற வழியில மறிக்கக் கூடாது."

நஞ்சுண்டனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்புறம் அரசாங்கம் எப்படிய்யா நடக்கும்?"

அந்தக் கேள்வி சென்னைக்குப் போயிற்று. மேலே உள்ளவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கொடையாளி இல்லை என்றால் மருந்துக்கு உரிமம் போகும். கொடையாளி மனிதர் என்றால் சட்டம் சொல்வதை மனிதருக்குச் செய்ய வேண்டிவரும். அப்படிச் செய்து பழக்கமில்லை. கடைசியில் எந்தச் சேதாரமும் இல்லாத ஒரு வழி கண்டுபிடித்து உத்தரவு போட்டார்கள். நஞ்சுண்டன் அதை உரக்கப் படித்தார்.

"உயிர்க்கொடைச் சட்டத்தின் தேவைகளுக்கு மட்டும், எலந்தக்குட்டை சென்னியப்பன் மனைவி குமுதவல்லி என்பவர் பெருச்சாளியாகக் கருதப்படுவார்."

படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மனசுல வச்சுக்காதம்மா. பேப்பர்ல மட்டும்தான். உனக்கு இன்க்ரிமெண்ட் எல்லாம் மனுஷக் கணக்குலயே வரும்."

"அப்ப எங்க ஊரு என்னாகறதுங்க சார்?"

"கொடையாளி இனம் பெருச்சாளிதானே? அதுல மாத்தம் இல்லையே. காலி பண்ணத்தான் வேணும்."

குமுதவல்லி உத்தரவின் நகலை வாங்கி மடித்தாள். நிஜத்தைச் சொல்லியும் ஊர் போகிறது. பொய் சொல்லியிருந்தாலும் போயிருக்கும். கட்டிலில் சறுக்கியது ஞாபகம் வந்தது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரே பக்கம்தான் வந்து சேருகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு வெளியே போய், ஜீப்பில் ஏறப்போன பிலவேந்திரனை நிறுத்தினாள்.

"சார், பெருச்சாளியக் கூண்டுல அடைக்கலாமுங்களா?"

"கூடவே கூடாதும்மா. மிராசு அறைக்கதவே தெறந்துதான் இருக்கு. அவனா விரும்பி ஏசில கெடக்கான்."

"கொடை குடுத்த உசுருக்கு ஒரு விருப்பம், அதோட இனத்தாளுகளுக்கு வேற விருப்பமுன்னா?"

"கொடை குடுத்ததோட விருப்பம்தான் மொதல்ல. இனத்தாருக்கெல்லாம் அப்புறம்தான்."

"அந்த விருப்பத்த நிபுணர்தான் வந்து சொல்லோணுமுங்களா?"

"வாயில்லாத உயிருக்குத்தான்மா நிபுணர். வாயிருந்தா..."

பிலவேந்திரனின் வாயில் கற்கண்டு உருளுவது நின்றது.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

"இல்லீங்க சார்."

வீட்டில் சென்னியப்பன் உத்தரவின் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உன்னைய எனக்குக் கட்டிவெச்சவங்க இதையப் பத்தி ஒரு வார்த்த சொல்லுலயே," என்றான்.

காலி செய்யும் நாள் வந்தது. லாரிகள் வந்தன. ஊர்க்காரர்கள் பாத்திரங்களையும் கோழிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஏறவும் மனமில்லாமல் இறங்கவும் தெரியாமல் நின்றார்கள். பிலவேந்திரன் ஜீப்பிலிருந்து இறங்கினார். கழுத்தில் மப்ளர். அந்த மாதம் மட்டும் வட்டாரம் முழுக்க வளை வளையாகக் கூப்பிட்டதில் தொண்டை கட்டிப்போய், வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

குமுதவல்லி தன் வீட்டு வாசற்படியில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார். இது என்ற வளைங்க."

பிலவேந்திரன் வாசலைப் பார்த்தார், ஓட்டுக்கூரையைப் பார்த்தார், உத்தரவை எடுத்து ஒரு தடவை படித்தார். மடித்து வைத்தார்.

"விருப்பம் என்னன்னு சொல்லுங்க," என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்கே பாதிதான் கேட்டது.

"மனுஷங்க இருக்கோணும். இந்த வீடுக, இந்தக் காடு, குட்ட, எல்லாம் இப்படியே இருக்கோணும். கடலைக்காட்டுல இருக்கற பெருச்சாளிக பூராத்தையும் அலுங்காமப் புடிச்சுக் கொண்டுபோயி மலையில விட்டுப்போடோணும்." கொஞ்சம் யோசித்தாள். "மிராசு மட்டும் இருக்கட்டும். அதுக்கு வேற எடம் பழக்கமில்ல."

பிலவேந்திரன் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

"இப்ப அளக்கணும். துண்டோட யாரு போறீங்க?"

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான். ஆனால் அவன் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு அந்த மனிதர் போட்ட குரலில் ஊரே அடங்கியது; இன்றைக்கு இருக்கும் குரலுக்குப் பக்கத்து வீட்டுத் தொழுவம் தாண்டுமா என்பதே சந்தேகம்.

"சார், தொண்ட தேறுன பொறவு ஒரு நாளைக்கு வெச்சுக்கலாமுங்களே," என்றான்.

"விதியில கேக்குதா இல்லையான்னுதான் கேட்டிருக்கு. எவ்வளவு சத்தமாக் கூப்பிடணும்னு இல்ல," என்றார் பிலவேந்திரன் அதே காற்றுக் குரலில். "நீங்க நடங்க. நின்னா எனக்குக் கணக்கு வராது."

சென்னியப்பன் நடந்தான். பிலவேந்திரன் வாயிலிருந்த கற்கண்டை எடுத்துக் காகிதத்தில் பத்திரமாக மடித்தார். வாசற்படியருகே நிமிர்ந்து நின்று, இரு கையையும் வாயருகே குவித்து, "ஓ...ய்" என்றார். அடுப்பில் கரி அணையும் சத்தம் அளவுக்கு ஒன்று வந்தது. கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த குமுதவல்லி, என்ன சார் கேட்டீங்க என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள்.

தொழுவத்தைத் தாண்டி நின்ற சென்னியப்பன் திரும்பிப் பார்த்தான். லாரிகளுக்கு அருகே நின்ற ஊர் மொத்தமும் அவனையே பார்த்தது. அவன் மெதுவாகத் துண்டைத் தூக்கினான்.

பிலவேந்திரன் எழுதிக்கொண்டார். மறுபடி கூப்பிட்டார். கடலைக்காட்டு முனையில் துண்டு உயர்ந்தது. மறுபடி கூப்பிட்டார். குட்டைக்கரையில் உயர்ந்தது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கோழிகளை இறக்கி விட்டார்கள். மரவள்ளிக்காட்டுக்கு அப்பால், ஆள் கடுகாய்த் தெரியும் தொலைவில், நிலையத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வெள்ளையாக ஒரு புள்ளி மேலே போய்க் கீழே வந்தது.

"காது நல்ல காது," என்றார் பிலவேந்திரன். கற்கண்டை மறுபடி வாயில் போட்டுக்கொண்டு, குமுதவல்லி நீட்டிய கடலைக்காயில் ஒரு கை அள்ளிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

நிலையத்தின் வாசலைத் தாண்டி, மலை ஏறும் பாதையின் முதல் திருப்பத்தில் துண்டு இன்னொரு தடவை உயர்ந்தது. அவர் கூப்பிடுவதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.